பூண்டு முடிச்சு

"இப்படியும் ஒரு பொண்டாட்டியா!"

வார்டில் யாராவது இப்படிச் சொன்னால், பிச்சையம்மாள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஞாயிறுதோறும் பூம்பாறையிலிருந்து பஸ் ஏறி, கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வருவாள். வாதம் வந்து வலது கை விழுந்துபோன புருஷனிடம் நலம் விசாரிக்க மாட்டாள். திட்டுவாள்.

"பூடு நிலத்துல அழுகிக் கெடக்கு. நீ இங்க ரொட்டியும் பாலும் தின்னுக்கிட்டுக் கெட!"

புருஷன் சின்னச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். பம்பாயில் ஆக்குபேஷனல் தெரபி படித்து, அறுபத்தொன்றாம் வருஷம் பாஸ் செய்து, முதல் வேலைக்கு வந்தவள். ஊசி போட மாட்டாள், மருந்து தர மாட்டாள். விழுந்த கையை வேலை செய்யவைத்தே எழுப்புவாள். எதையாவது செய்யச் சொல்லிக்கொண்டே இருந்ததால் வார்டில் அவளுக்கு 'டீச்சரம்மா' என்று பெயர்.

சின்னச்சாமிக்கு அவள் கொடுத்த வேலை, ஊரில் செய்வதுபோலப் பூண்டின் காய்ந்த தண்டுத் தாள்களைச் சேர்த்து முடிச்சுப் போடுவது.

அவளிடம் இருந்த ஒரே நோயாளியும் அவர்தான்.

"ஒரு ஆளுக்கு ஒரு உத்தியோகமா?" என்றார் பெரிய டாக்டர், சின்னச்சாமியின் கட்டிலருகிலேயே நின்றுகொண்டு. "ஆரம்பிச்ச கேஸை முடிங்க, மிஸ் தமயந்தி. இவர் வீட்டுக்குப் போனதும் உங்க அறை ஸ்டோர் ரூம். நீங்களும் கிளம்பலாம்."

கை தேறினால் வேலை போகும். தேறாவிட்டால் படித்த படிப்பு பொய்யாகும். தேறட்டும் என்றுதான் தமயந்தி வேண்டிக்கொண்டாள்.

சோற்றை உருட்டி வாயில் வைக்குமளவு வந்த கை, அதோடு நின்றுவிட்டது. முடிச்சுப் போட்டால் நழுவியது. மறுபடி போட்டாலும் நழுவியது.

"ஓசிச் சாப்பாடு," என்றார் டாக்டர்.

தமயந்தி பிச்சையம்மாளைப் பிடித்துக்கொண்டாள். "வாராவாரம் இப்படித் திட்டினா கை எப்படிங்க தேறும்?"

"உங்க சோலியப் பாருங்க, டீச்சரம்மா."

அன்று தமயந்தி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஞாயிறு பிச்சையம்மாள் தனியாக வரவில்லை. அரிவாள் பட்டு விரல் மடங்கிப்போன நல்லசாமி, தோளைத் தூக்க முடியாத வேலுத்தாய் என்று ஊரிலிருந்து ஒரு கூட்டத்தையே இழுத்து வந்திருந்தாள்.

"இவுக கையையும் டீச்சரம்மாதான் பாக்கணும்."

டாக்டருக்கு வேறு வழியில்லை. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். சின்னச்சாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பூண்டுத் தாள்களை அள்ளி, ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டார். மாட்டைக் கட்டினாலும் அவிழாது.

"பார்த்தீங்களா, நடிச்சிருக்கான்!" என்று டாக்டர் போய்விட்டார்.

"எப்பங்க கை வந்துச்சு?" என்றாள் தமயந்தி.

"வெகுநாளாச்சும்மா," என்றார் சின்னச்சாமி. "உங்களைக் கெளம்பச் சொன்னாருல்ல டாக்டரு, அதை இவகிட்ட சொன்னேன்..." மனைவியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அப்போ பூண்டு அழுகுதுன்னு திட்டினது?"

பிச்சையம்மாள் புருஷனின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அழுகுனது நெசந்தான், டீச்சரம்மா. அது அடுத்த போகம் வெளையும். உங்களுக்கு வேற ஆளு கொண்டாந்து சேக்குறதுக்குள்ள முடிச்சு ஒழுங்கா விழுந்துச்சுன்னா, வீட்டுப் பக்கமே வராதேன்னு நாந்தான் சொல்லிவச்சேன்."