தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

"எலும்பு மெலிஞ்சிருக்கும்மா," என்றார் டாக்டர். "மாதவிடாய் நின்னதும் ஹார்மோன் கம்மியாகும், எலும்பு கரையும். உங்களுக்குப் பரம்பரையும் சேர்ந்திருக்கு. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சதுன்னீங்களே, அந்த ஜீன்தான்."

ஷூ கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த ஜீவா, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள்.

"நல்ல சேதி சொல்லலம்மா நான்."

"எனக்கு நல்ல சேதிதான் டாக்டர். அம்மாகிட்டருந்து வந்ததுன்னு சீட்டுல எழுதிக் குடுங்க."

ஆம்பூர் பஸ் வருவதற்குள் அக்கா தேவகிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அக்கா, தவிடு குடுத்து வாங்குன புள்ளைன்னு அம்பது வருஷமா என்னை அழ வச்சியே, இப்ப இன்னா சொல்ற? எனக்கு அப்படியே அம்மாவோட எலும்பாம். டாக்டரே கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"எலும்புலயாடி தெரியும் அது?" என்றாள் தேவகி.

"ஏன் தெரியாது? போன வாரம் நீயும் ஸ்கேன் எடுத்தியே, இன்னா சொன்னாங்க?"

"இரும்பு மாதிரி இருக்குதாம்டி. இந்த வயசுல இப்படி ஒரு எலும்பைப் பார்த்ததே இல்லையாம்."

ஜீவாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பஸ் வந்து, நின்று, போயே போய்விட்டது.

"ஏன்டி ஜீவா," என்றாள் தேவகி மெதுவாக. "அப்ப அந்தத் தவிட்டைக் குடுத்து வாங்குனது என்னையாடி?"