கை வலிக்காரி

“அகாய், கொஞ்சம் நிறுத்துங்க… கை வலிக்குது.”

மறுபடியும் பெகாயிம்தான். கோமுஸ் தந்தி வாத்தியங்கள் எல்லாம் பாதிப் பாட்டில் நின்றன.

மாணவர்கள் ‘அகாய்’ என்று கூப்பிடும் பேராசிரியர் ஜோல்தோஷ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடுத்த வாரம் ஓஷ் நகரத்துல கச்சேரி. இந்தப் பொண்ணு பாட்டை முடிக்கவே விடமாட்டேங்குதே!”

“கையாடி அது, கண்ணாடி டம்ளரா? தொட்டாலே உடைஞ்சிடும் போலிருக்கு” என்றாள் பக்கத்து நாற்காலி சல்தனத்.

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை யாரும் தந்தியைத் தொடவில்லை.

“சல்தனத்தைப் பாரு. தனி வாசிப்பே அவளுதுதான். ஒரு நாளாவது வலின்னு சொல்லியிருக்காளா?” என்றார் அகாய்.

பெகாயிம் தலையைக் குனிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கையைத் தூக்கினாள். அகாய்க்குப் பொறுமை போய்விட்டது.

“போதும்மா. நீ ஓஷுக்கு வரவேண்டாம். விழா உடையைத் திருப்பிக் குடுத்துட்டு, ஹாஸ்டல்ல உக்காந்து டீ குடி.”

அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு ஒத்திகை தடையே இல்லாமல் நடந்தது. வேகமான பகுதியையே அகாய் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார். நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும், கோட் மாட்டும் இடத்தில் சல்தனத் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வெளியே பனி கொட்டியது. கோட்டுப் பொத்தான் விரலுக்குள் நிற்கவே இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நெருப்பாய் எரிந்தது.

உடையைக் கொடுக்க வந்த பெகாயிம் அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கிட்டே வந்து பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்.

சல்தனத்துக்கு அழுகை வந்துவிட்டது.

“யார்கிட்டயும் சொல்லிடாதேடி. ரெண்டு மாசமா இப்படித்தான். அகாய்க்குத் தெரிஞ்சா தனி வாசிப்பு போயிடும்.”

“சொல்லமாட்டேன்.”

“உன்னைக் கிண்டல் பண்ணினதுக்கு மன்னிச்சுக்கோ. நாளைக்கு ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போயிடலாம். உன் கையையும் காட்டிடலாம்.”

“என் கைக்கு என்னடி? அது நல்லாத்தான் இருக்கு” என்றாள் பெகாயிம், கழுத்துப் பொத்தானைப் போட்டபடி. “நீ வாயைத் திறக்கவே மாட்டேங்கிறே. யாராவது நிறுத்தச் சொல்லணுமில்ல?”