மகாலட்சுமி

தனசேகரன் பல வருடங்களாக டிவி விவாதங்களில் கலாச்சாரம் பேசியவர். “பொண்ணுதான் வீட்டுக்கு மகாலட்சுமி” என்று சொல்லாத நாளில்லை. கொரோனாவுக்குப் பிறகு காவலூர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து லேப்டாப்பிலேயே பேசினார். அந்த நேரத்தில் மனைவி அம்சவல்லி தண்ணீர்ச் சொம்போடு அங்கே எட்டிப்பார்த்தால், “படத்துல வந்து தொலைக்காத” என்று பிறகு கத்துவார்.

மாரடைப்பில் இறந்துபோனார். அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரில் அவருடைய படத்தை மாட்டி மாலை போட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அம்சவல்லி உள்ளறையில் டிவி பார்த்தபடி புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். விவாதத்தில் தனசேகரன் பேசிக்கொண்டிருந்தார். மூலையில் ‘நேரலை’ என்று போட்டிருந்தது. அவர் தலைக்குப் பின்னால் மாலை போட்ட அவர் படம்.

“யம்மா, அப்பா நம்ம வூட்லதாம்மா இருக்காரு” என்றாள் மகள் சிவசங்கரி.

அம்சவல்லி பழக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு முன்னறைக்குப் போனாள். லேப்டாப் மூடியிருந்தது. காலி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

உள்ளே டிவியில் நெறியாளர் கேட்டார்: “சார், உங்க பின்னாடி சொம்போட நிக்கிறது யாரு?”

அம்சவல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“வேலைக்காரி சார்” என்றது தனசேகரனின் குரல். “என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், மகாலட்சுமி.”