ஒரு கோடுகூடச் சிவப்பில்லை

நூற்றுக்கு நூறு. திரை முழுக்கப் பச்சை. உதயா தலை குனிந்துகொண்டான்.

"ஒரு கோடுகூட செவப்பு இல்ல. கில்லாடி மாமு நீ," என்றான் ஜெரி. அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது நாள். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய நிரலில் எத்தனை வரிகள் டெஸ்ட்டில் ஓடின என்று கணக்கிட்டு, ஓடியதைப் பச்சையிலும் ஓடாததைச் சிவப்பிலும் காட்டும் கவரேஜ் டூலை அவனுக்குப் போட்டுக் காட்டச் சொல்லி, டீம் லீடர் ஹெப்சிபாதான் உதயாவை அனுப்பியிருந்தார்.

முன்பெல்லாம் டெஸ்ட்டுகள் இரண்டு நொடியில் ஓடி முடியும். இன்று ஒன்பது நொடி. ஜெரியின் லேப்டாப் பழசு போல என்று உதயா நினைத்துக்கொண்டான்.

காசிமேட்டில் ஐஸ் கடைக்கு மேலே அலுவலகம். அந்த நிரல், நடுக்கடலில் ஆபத்தென்றால் மீனவர்கள் அழுத்துவதற்கான ஆப். திங்கட்கிழமை நாற்பது விசைப்படகுகளுக்குப் போகிறது.

"எங்க நைனா போட்லயும் இதான் வரப்போவுது. பச்சையா இருந்தா கரெக்டா வேல செய்யும்னு அர்த்தமா?"

"இல்ல. அந்த வரி ஓடுச்சு, அவ்ளோதான். வந்த விடை சரியான்னு டெஸ்ட்ல நாமதான் செக் எழுதணும்."

"அதான் நீ எழுதிகீறியே."

 மனைவி சௌமியாவின் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தவன் உதயா. அந்த வாரம் அவன் எழுதிய டெஸ்ட்டுகள் நிரலை ஓட்டும், எதையும் சரிபார்க்காது. டூல் நூறு காட்டியது, எல்லோரும் கைகுலுக்கினார்கள். அதன்பின் அந்தக் கோப்பைத் திறக்கவே அவனுக்குக் கூசியது. ஐந்து மாதமாகிறது.

எழுந்து ஹெப்சிபாவின் மேசைக்குப் போனான்.

"அக்கா, திங்கக்கெழம குடுக்காதீங்க. என் டெஸ்ட்ல ஒரு செக்கும் கெடயாது. நூறு வரணும்னு சும்மா ஓட்டி வுட்டுட்டேன். ஏமாத்திட்டேன்க்கா."

பக்கத்து மேசையில் சினேகா தட்டச்சை நிறுத்தினாள். ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டுவார் என்று உதயா காத்திருந்தான்.

"அதுல செக் எல்லாம் நானும் சினேகாவும் எழுதி மூணு மாசம் ஆவுது," என்றார் மெதுவாக.

அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நீயா எப்ப சொல்லுவன்னுதான் பாத்துகினு இருந்தோம்."