ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர்

வேங்கடசாமி வீட்டு வாசலில் ரங்கராஜ் முதலாளியின் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. 1949 மாடல். கோடை வந்தால் பத்து மைலுக்கு ஒருதரம் கொதித்துப் புகைவிடும் என்பது அன்னூர் வட்டாரத்துக்கே தெரியும்.

வேங்கடசாமிக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. மகன் பிரவின்குமார் முதலாளியின் மில்லுக்கு மனுப் போட்டுவிட்டு மூன்று மாதமாக வீட்டில் குப்புறப் படுத்திருக்கிறான். இப்போது வேலையே வாசலுக்கு வந்திருக்கிறது.

ஓட்டி வந்தது சுடிதார் போட்ட ஒரு பெண். மில்லிலிருந்து வருவதாகவும், ரிப்பேர் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதாகவும் சொன்னாள். முதலாளிக்குப் பெங்களூரில் படிக்கிற மகள் உண்டென்று வேங்கடசாமி கேள்விப்பட்டிருந்தார். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு என்ன அடக்கம் என்று உருகிப்போனார்.

"கொஞ்சம் தண்ணி வேணுமுங்க," என்றாள்.

மாட்டுக்கொட்டகை ஓரம் பண்ணையாள் அங்கப்பன் கொட்டாங்குச்சியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். குடும்பத்தைச் சத்தியமங்கலத்தில் விட்டுவிட்டு, போன மாசியில்தான் வேலைக்குச் சேர்ந்தவன். போர் பைப்பில் ஒரு குடம் பிடித்துவரச் சொல்லி வேங்கடசாமி அவனை விரட்டினார்.

"போர் தண்ணி ஆகாதுங்க," என்று அவள் தடுத்தாள். "உப்புப் படிஞ்சு ரேடியேட்டர அடைச்சுப்போடும். அப்புறம் வண்டி கொதிக்காம என்ன பண்ணுமுங்க? நீங்க குடிக்கிற தண்ணியாக் குடுங்க. சொம்பு சுத்தமா இருக்கோணும்."

வேங்கடசாமி உள்ளே ஓடினார். மனைவி கனகம் நீட்டிய பித்தளைச் சொம்பைத் தள்ளிவிட்டு, சாமி ரூமிலிருந்த வெள்ளிச் சொம்பை எடுத்தார். காருக்கா என்று அவள் வாயைப் பிளந்தாள். உன் மகனுக்கு என்றார்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால் திருகிக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர் விளிம்புவரை நின்றது. வேங்கடசாமி அதையா பார்த்தார்? பிரவின்குமார் மில் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்து அம்மணி, கை வெந்துபோயிரும்," என்று மட்டும் பதறினார்.

அவள் மூடியைப் பழையபடி இறுக்கிவிட்டுச் சொம்பை வாங்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வெள்ளி விளிம்பில் வாய் வைத்து நிதானமாகப் பாதியைக் குடித்தாள்.

பெரிய இடத்துப் பழக்கம் போல என்று வேங்கடசாமி பல்லைக் காட்டினார். மகன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் மாட்டுக்கொட்டகைக்கு நடந்து, அங்கப்பனிடம் சொம்பை நீட்டினாள்.

"அப்பா, மீதிய நீங்க குடிங்க."