குப்பியில் இருந்தது

திரையில் வரைபடக் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது.

கைதட்டல்.

கடைசி வரிசையில் அவளும் தட்டினாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே.

"கோழிக்குடல் தசை எப்படிச் சுருங்குது பாருங்க!" மேடையில் புரொபசர் ஞானசிகாமணி குதூகலித்தார். "சுருங்கச் சொல்ற ரசாயனத்தை ஒரு என்சைம் உடனுக்குடனே வெட்டிப் போட்டுடும். எங்க மருந்து அந்த என்சைமோட கையைக் கட்டிடுது. அவ்வளவுதான்!"

எங்க மருந்து.

அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்து அதை உருவாக்கியவள் அவள். வருடக்கணக்கில் புகை, தலைவலி, மணிக்கட்டில் அமிலம் பட்ட தழும்பு.

செய்முறைக் கட்டுரை அச்சானபோது அதில் அவள் பெயர் இல்லை. கேட்கப் போனவளை அவர் உள்ளே கூப்பிடக்கூட இல்லை. வாசலிலேயே நிறுத்திச் சிரித்தார்.

"சமைச்சவ பேரையெல்லாமா மெனு கார்டுல போடுவாங்க?"

அன்று அவள் அழவில்லை. லேபைவிட்டுக் கிளம்பும்போது, அவர் கேட்ட மருந்துக் குப்பியைப் பவ்யமாக அவர் கையிலேயே கொடுத்தாள்.

உள்ளே வெறும் உப்புத் தண்ணீர்.

தசை ஓர் இழைகூடக் கூடுதலாகச் சுருங்காது. மனுஷன் மண்டையை உடைத்துக்கொள்வார். வேறு வழியில்லாமல் ஒருநாள் போன் செய்வார். அன்று அவள் எடுக்கமாட்டாள்.

அதுதான் திட்டம்.

போன் வரவேயில்லை. வந்திருப்பது இந்தக் கோடு. மலை மாதிரி.

உப்புத் தண்ணீருக்கு!

கை தூக்கினாள். மைக் வந்தது.

அவளைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்று, மறுபடி புறப்பட்டது.

"சார், நான் உங்ககிட்ட கொடுத்த குப்பியில மருந்தே இல்லை. வெறும் உப்புத் தண்ணி. இந்தக் கோடு எங்கேயிருந்து வந்தது?"



அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார்.

"நான் எதையும் தொடலைங்க. சோதனை முழுக்க என் ஸ்டூடண்ட் செஞ்சது. ஜெசிந்தா, எந்திரிம்மா. பதில் சொல்லு."

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். இதற்கும் அவரே பதில் எழுதித் தருவார் என்பதுபோல.

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

கடைசி வரிசையில் அவள் மைக்கை மறுபடி உயர்த்தினாள்.

"நீ உட்காரு. நான் கேட்டது அவரை."

ஜெசிந்தா உட்காரவில்லை. இருக்கைகளுக்கு நடுவே, மேடைக்கு முதுகைக் காட்டி நடந்துவந்தாள்.

"ஜெசிந்தா!" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

அந்தப் பெண் திரும்பவில்லை. கடைசி வரிசைக்கு வந்து கையை நீட்டினாள்.

"மைக்கை இப்படிக் கொடுங்கக்கா. அந்தக் கோடு எங்கேயிருந்து வந்ததுன்னு நான் சொல்றேன்."

எத்தனை நாள் காத்திருந்து பிடித்த மைக்!

விரல்களைப் பிரிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.