குடில் கழுதைக்கு ஓயாத வேலை

கிறிஸ்துமஸ் குடிலில் நின்ற மண் கழுதைக்கு, இயேசு பிறந்த அன்று மாதாவுக்கு இடமில்லை என்று கைவிரித்த சத்திரக்காரன்மேல் தீராத கோபம். "பிள்ளைத்தாச்சியைத் திருப்பி அனுப்ப அந்த ஆளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!" என்று வருஷா வருஷம் பொருமும்.

இந்த வருஷமும் பொருமிக்கொண்டே வேலையில் இறங்கியது. பஞ்சைப் பனியாகத் தூவியது, சீரியல் லைட்டை இழுத்துக் கட்டியது, கோணலாக நின்ற ஆடுகளை அதட்டி நேராக்கியது. மிஞ்சியதையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தீவனத் தொட்டியில் போட்டது.

"கொஞ்சம் வந்து உட்காருங்கண்ணே, பாலன் இயேசு வர்ற நேரமாச்சு" என்றது பசு.

"உட்கார எங்கேம்மா நேரம்? எல்லாம் அவருக்காகத்தானே ஓடுறேன்!"

கோயில் மணி அடித்தது. பங்குச்சாமியார் பாலனின் சுரூபச் சிலையை ஏந்தி வந்து, அதைக் கிடத்தத் தொட்டியருகே குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொட்டி நிறையப் பஞ்சும் ஒயரும் பசை டப்பாவும் கிடந்தன.

கழுதை தொட்டியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டது.

பசு மெதுவாகக் கேட்டது: "அண்ணே, அந்தச் சத்திரக்காரருக்கும் அன்னைக்கு இப்படித்தான் வேலை அதிகமா இருந்திருக்குமோ?"